கூட்டலா, பெருக்கலா? நீரிழிவு மரபணுக்களின் கணக்கு

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்ற கடலோரச் சிற்றூரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களுக்குச் சுண்டெலி வளர்த்துக் கொடுப்பதில் பெயர் பெற்றது. 1966இல் அங்கே ஒரு வம்சத்தில் சில குட்டிகள் அளவு மீறிக் கொழுத்தன. ரத்தச் சர்க்கரை எகிறியது. சில மாதங்களில் செத்துப்போயின. ஒற்றை மரபணுவில் ஏற்பட்ட பழுதுதான் காரணம் என்று தெரிந்ததும் அதற்கு ‘டிபி’ என்று பெயர் வைத்தார்கள். லெப்டின் ஹார்மோனின் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிக்கான மரபணு அது என்பது தெரிய மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அதற்கெல்லாம் முன்பே கேதரின் ஹம்மலும் டக்ளஸ் கோல்மனும் ஒரு எளிய காரியம் செய்தார்கள். பழுது முதலில் தோன்றியது சி57பிஎல்/கேஎஸ் என்ற வம்சத்தில். தலைமுறை தலைமுறையாக இனம் சேர்த்து, அதே பழுதை சி57பிஎல்/6 என்ற நெருங்கிய உறவு வம்சத்துக்கு மாற்றினார்கள். முடிவு 1972இல் வெளியானது. புதிய வம்சத்திலும் எலிகள் அதே மாதிரி கொழுத்தன. சர்க்கரை மட்டும் கொஞ்ச காலம் ஏறிவிட்டு இறங்கிவிட்டது. முதல் வம்சத்தில் கணையத்தின் பீட்டா செல்கள் சிதைந்துபோயின. இரண்டாவதில் அவை பெருகி, கூடுதல் இன்சுலினைச் சுரந்து சமாளித்துவிட்டன.

பழுது ஒன்று, கதி இரண்டு. வித்தியாசத்தைச் செய்தவை அந்த எலிகளின் மற்ற மரபணுக்கள். மனிதரிலும் இப்படித்தானா, ஆமென்றால் எந்த மரபணுவோடு எது சேர்ந்தால் சர்க்கரை தாங்காமல் போகிறது என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டாக விடை தேடுகிறார்கள். அந்தத் தேடலைப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உடலுக்குள் மரபணுக்கள் ஒன்றின் வேலையில் ஒன்று தலையிடுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் மக்களிடையே இன்ன ஜோடி சேர்ந்தால் நோய் என்று கண்டுபிடித்துவிட்டதாக வந்த அறிவிப்புகளில் பெரும்பாலானவை நம்பத்தக்கவை அல்ல. இரண்டும் முரண்போலத் தெரியலாம். முரண் இல்லை.

முதலில், எதை அளக்கிறோம்? ஜிடிடி என்ற குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனை எடுத்தவர்களுக்குத் தெரியும். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துக்கொண்டு, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கச் சொல்வார்கள். குமட்டும். இரண்டு மணி நேரம் அலையாமல் உட்கார்ந்திருந்தால் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். 140 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு; 200ஐத் தொட்டால் நீரிழிவு; இடையில் நிற்பது தாங்குதிறன் குறைவு. அந்த இரண்டு மணி நேரத்துக்குள் குடல் கணையத்துக்குச் செய்தி அனுப்புகிறது. கணையம் இன்சுலின் சுரக்கிறது. கல்லீரல் தன் சர்க்கரை உற்பத்தியை நிறுத்திக்கொள்கிறது. தசை சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. கொழுப்புத் திசு கொழுப்பு அமிலங்களை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. ஒவ்வொரு படியிலும் பல மரபணுக்களுக்கு வேலை உண்டு.

வெறும் வயிற்றுச் சர்க்கரையும் குடித்தபின் உள்ள சர்க்கரையும் ஒரே விஷயத்தின் இரு அளவைகள் அல்ல என்பதற்கு கிரீன்லாந்து நல்ல சாட்சி. அங்குள்ள இன்யூட் மக்களிடம் டிபிசி1டி4 என்ற மரபணுவைப் பாதியில் அறுத்துவிடும் மாறுபாடு ஒன்று இருப்பதை 2014இல் கண்டார்கள். அம்மக்களின் அந்த மரபணுப் பிரதிகளில் 17 சதவீதம் இப்படிப்பட்டவை. இன்சுலின் சொன்னதும் தசைக்குள் குளுக்கோஸ் நுழைய வாசல் திறக்கும் ஏற்பாட்டில் இந்த மரபணுவுக்குப் பங்கு உண்டு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அறுந்த பிரதியைப் பெற்றவர்களுக்கு இரண்டு மணி நேரச் சர்க்கரை சராசரியாக 68 மில்லிகிராம் அளவுக்குக் கூடுதல். நீரிழிவு வரும் வாய்ப்பு பத்து மடங்கு. ஆனால் அவர்களின் வெறும் வயிற்றுச் சர்க்கரை மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவு! காலையில் மட்டும் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்து அனுப்பியிருந்தால் அவர்கள் ‘நார்மல்’.

இத்தனை படிகளையும் இரண்டு எண்களாகச் சுருக்கலாம்: இன்சுலின் சுரக்கும் திறன் ஒன்று, சுரந்த இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கும் திறன் மற்றொன்று. இவற்றின் கூட்டுத்தொகையைவிட பெருக்குத்தொகைதான் முக்கியம் என்று ரிச்சர்ட் பெர்க்மன் குழுவின் வேலை 1980களிலேயே காட்டியது. செவிசாய்க்கும் திறன் பாதியானால் சுரப்பு இரட்டிப்பாக வேண்டும். அப்படி ஆனால் சமநிலை தப்பாது. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நலமான ஒருவரின் பெருக்குத்தொகை 1. அது 0.5க்குக் கீழே போனால் நீரிழிவு என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குச் சுரப்பு மட்டும் முப்பது சதவீதம் குறைவு: 0.7. இன்னொருவருக்குச் செவிசாய்ப்பு மட்டும் அதே அளவு குறைவு: அதுவும் 0.7. இருவரும் தப்பித்தார்கள். இரண்டு குறைகளும் ஒருவரிடமே சேர்ந்தால் 0.49. கோட்டைத் தாண்டியாயிற்று. இங்கே இரு மரபணுக்களும் மூலக்கூறு அளவில் ஒன்றையொன்று தொட்டதுகூட இல்லை. ஒன்று கணையத்தில், மற்றது தசையில். ஆனாலும் நோய் என்ற விளைவை வைத்துப் பார்த்தால் அவை கைகோத்ததாகவே தெரியும். கோட்டை நாம் எங்கே போடுகிறோம் என்பதும் அந்தத் தோற்றத்துக்கு ஒரு காரணம்.

இதை உயிருள்ள உடலில் தெளிவாகக் காட்டியது பாஸ்டனில் ஜோஸ்லின் நீரிழிவு மையத்தின் ரொனால்ட் கான் குழு. யென்ஸ் ப்ரூனிங் முதல் ஆசிரியராக 1997இல் வந்த அந்த ஆய்வில், இன்சுலின் ஏற்பியின் மரபணுவில் ஒரு பிரதியையும், ஏற்பியிடமிருந்து செய்தியை வாங்கி உள்ளே கடத்தும் ஐஆர்எஸ்-1 மரபணுவில் ஒரு பிரதியையும் முடக்கினார்கள். ஒன்று மட்டும் முடங்கிய எலிகளிடம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டும் பாதியான எலிகளின் ரத்தத்தில் இன்சுலின் 5 முதல் 50 மடங்கு வரை ஏறியது. நான்கு முதல் ஆறு மாத வயதுக்குள் நூற்றுக்கு நாற்பது எலிகளுக்கு முழு நீரிழிவு.

அதே குழு 2003இல் செய்ததுதான் எனக்கு இன்னும் பெரிய பாடமாகத் தெரிகிறது. இந்த இரட்டைப் பழுதை மூன்று வெவ்வேறு வம்சங்களில் வைத்துப் பார்த்தார்கள். பி6 வம்சத்தில் ஆறு மாதத்துக்குள் 85 சதவீதத்துக்கு மேல் நீரிழிவு. டிபிஏ வம்சத்தில் நோய் மெதுவாக வந்தாலும் 64 சதவீதத்தைத் தாண்டியது. 129 என்ற வம்சத்தில் 2 சதவீதம்கூட இல்லை. இதில் பி6 என்பது, கோல்மன் காலத்தில் லெப்டின் ஏற்பிப் பழுதைத் தாங்கிக்கொண்ட அதே சி57பிஎல்/6 வம்சம்தான். ஒரு பழுதிலிருந்து காப்பாற்றிய பின்னணி இன்னொரு பழுதில் கைவிட்டுவிட்டது. ‘நல்ல மரபணு’, ‘கெட்ட மரபணு’ என்று பட்டியல் போடுகிறவர்கள் இந்த ஒரு முடிவை மேசைமேல் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

மனிதருக்கு வருவோம். எலியைப்போல் வேண்டியபடி ஜோடி சேர்த்துப் பார்க்க முடியாது. தற்செயலாக அமைந்ததைக் கண்டுபிடிக்கத்தான் முடியும். அப்படி அமைந்த ஒரு குடும்பத்தைப் பற்றி கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் ஓரஹில்லி, கிருஷ்ண சாட்டர்ஜி ஆகியோரின் குழு 2002இல் எழுதியது. அந்தக் குடும்பத்தில் ஐந்து பேருக்குக் கடுமையான இன்சுலின் எதிர்ப்பு. ஐவரிடமும் இரண்டு வெவ்வேறு மரபணுக்களில் பழுது இருந்தது. ஒன்று பிபிஏஆர்ஜி: கொழுப்பு செல்கள் உருவாகவும் செயல்படவும் வேண்டியது. மற்றது பிபிபி1ஆர்3ஏ: தசையில் சர்க்கரையை கிளைக்கோஜனாகச் சேமிக்க உதவுவது. குடும்பத்தில் ஏதேனும் ஒரு பழுது மட்டும் கொண்டவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு அந்தக் கடுமை இல்லை. இரண்டும் கொண்ட ஆறாவது ஆளும் இல்லை. இரண்டாவது பழுது அபூர்வமானதும் அல்ல. பிரிட்டனின் வெள்ளையரில் ஏறத்தாழ எழுபது பேரில் ஒருவரிடம் அது இருப்பதாகப் பிறகு தெரிந்தது. ஒரு குடும்பம், ஐந்து பேர் என்பது சிறிய சான்றுதான். ஆனால் கொழுப்புத் திசுவில் ஓட்டை, தசையில் இன்னொன்று என்ற விளக்கம் உடலியங்கியலோடு பொருந்துவதால் எடை கூடுகிறது.

இதற்கு முன்பே இன்னொரு புகழ்பெற்ற முயற்சி நடந்தது. டெக்சாஸின் ஸ்டார் கவுண்டியில் வாழும் மெக்சிகோ வம்சாவளியினரின் குடும்பங்களை ஆராய்ந்த நான்சி காக்ஸ், கிரேம் பெல் முதலியோர், 2ஆம் குரோமோசோமில் ஒரு பகுதியும் 15ஆம் குரோமோசோமில் ஒரு பகுதியும் சேர்ந்து நீரிழிவுக்கு வழி செய்கின்றன என்று 1999இல் அறிவித்தார்கள். அந்தப் பிடியை வைத்துத் துழாவி, மறு ஆண்டே கால்பெயின்-10 என்ற மரபணுவை எட்டினார்கள். அதிலும் ஒரு விசித்திரம்: ஒரே வகைப் பிரதி இரண்டு இருந்தால் ஆபத்து அவ்வளவாக இல்லை, இருவேறு வகைப் பிரதிகள், ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தந்தையிடமிருந்து வந்து சேர்ந்தால்தான் ஆபத்து அதிகம். தென்னிந்தியர்களிடமும் அந்த ஜோடிக்கு நீரிழிவோடு தொடர்பு இருப்பதாக 2002இல் ஒரு ஆய்வு வந்தது. அந்தக் காலத்தில் இது பெரிய செய்தி. பின்னாளில் முழு மரபணுத் தொகுதியையும் சலித்த பெரிய ஆய்வுகள் வந்தபோது கால்பெயின்-10 முன்வரிசையில் இல்லை. முற்றிலும் பொய் என்று தள்ளுவதற்கில்லை. அன்று எதிர்பார்த்த அளவுக்குப் பெரிதில்லை என்பது மட்டும் உறுதி. அதே பத்தாண்டில் சில நூறு பேரை மட்டும் வைத்து ‘இந்த மரபணுவும் அந்த மரபணுவும் சேர்ந்தால்’ என்று எழுதப்பட்ட கட்டுரைகளுக்கு இந்த அளவு ஆயுளும் இல்லை.

ஏன் இப்படி என்பதற்கு விடை எண்ணிக்கையில் இருக்கிறது. பத்து லட்சம் மாறுபாடுகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பதே பெரிய வேலை. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஐம்பதாயிரம் கோடி ஜோடிகள் வரும். இத்தனை ஜோடிகளில் தற்செயலாகவே பல லட்சம் ஜோடிகள் அர்த்தமுள்ளவைபோல் தோன்றும். அந்தப் போலிகளை வடிகட்ட வேண்டுமானால் லட்சக்கணக்கான ஆட்கள் வேண்டும். இருபது ஆண்டுகளாக அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. 2006இல் ஐஸ்லாந்தின் டிகோட் நிறுவனம் டிசிஎஃப்7எல்2 மரபணுவின் மாறுபாட்டைக் கண்டது. பரவலாக உள்ள நீரிழிவு மாறுபாடுகளில் மிக வலுவானவற்றுள் ஒன்று அது. ஒரு பிரதிக்கு ஆபத்து சுமார் 1.4 மடங்கு. புனேயிலும் சென்னையிலும் மறு ஆண்டே சரிபார்த்தார்கள், இங்கும் பொருந்தியது. 2024இல் வெளியான உலகளாவிய தொகுப்பாய்வில் 25 லட்சம் பேர். அவர்களில் 4,28,452 பேருக்கு வகை 2 நீரிழிவு. 611 இடங்களில் 1,289 தனித்தனிச் சமிக்ஞைகள் கிடைத்தன. இவற்றை வைத்து ஒருவரின் ஆபத்தைக் கணிக்க இன்று பயன்படுவது எளிய கூட்டல். ஒவ்வொரு மாறுபாட்டுக்கும் ஒரு மதிப்பெண்; எல்லாவற்றையும் கூட்டு. வியப்பு என்னவென்றால், கூட்டல் ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது.

அப்படியானால் எலிகள் காட்டியது என்ன ஆயிற்று? 2008இல் வில்லியம் ஹில், மைக்கேல் கோடார்ட், பீட்டர் விஷர் மூவரும் எழுதிய கட்டுரை இதற்கு நேரான பதில் தருகிறது. உடலுக்குள் மரபணுக்கள் எவ்வளவுதான் பின்னிப் பிணைந்து வேலை செய்தாலும், மக்கள்தொகையில் காணப்படும் வேறுபாட்டில் பெரும்பகுதி கூட்டலாகவே வெளிப்படும். காரணம் எளிது. டிசிஎஃப்7எல்2 மாறுபாட்டுக்கு 1.4 என்று போடுகிறோமே, அந்த எண் யாருடையது? அது விதவிதமான பின்னணி கொண்ட ஆயிரக்கணக்கான உடல்களின் சராசரி. சிலரிடம் அது 1.1 ஆக இருந்திருக்கலாம், சிலரிடம் 2. பிணைப்பெல்லாம் அந்தச் சராசரிக்குள் கரைந்துவிடுகிறது. அபூர்வமான ஜோடிகள் சிலரை எவ்வளவு கடுமையாகப் பாதித்தாலும் நாட்டுக் கணக்கில் புள்ளியாகக்கூடத் தெரியாது. வம்ச எலிகளிடம் பின்னணி ஒன்றே ஒன்று. அதனால்தான் அங்கே தெரிந்தது.

மூலக்கூறு அளவிலேயே கைகோக்கும் ஜோடி ஒன்றை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். குளுக்கோகைனேஸ் என்ற நொதி கல்லீரலுக்குள் வரும் குளுக்கோஸைப் பிடித்து வைக்கும். பட்டினி நேரத்தில் அதைக் கட்டிப்போடுவது ஜிசிகேஆர் மரபணு தரும் புரதம். அந்தப் புரதத்தின் 446ஆம் இடத்தில் ப்ரோலினுக்குப் பதில் லூசின் வந்தால் கட்டு தளர்கிறது. நொதி அவிழ்ந்துகொண்டு கூடுதலாக வேலை செய்கிறது. விளைவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைகிறது. ரிப்போர்ட்டைப் பார்த்து மகிழலாம் என்று பார்த்தால், பக்கத்து வரியில் ட்ரைகிளிசரைட் ஏறியிருக்கிறது. கல்லீரல் பிடித்துவைத்த சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றத் தொடங்கிவிட்டது. ஒரே மாறுபாடு சர்க்கரைக்கு நன்மை, கொழுப்புக்குத் தீமை. இதோடு குளுக்கோகைனேஸ் மரபணுவின் சொந்த மாறுபாடுகளையும் சேர்த்து 2008இல் பிரான்சில் பார்த்தார்கள். பொதுமக்களிடம் இரண்டின் விளைவும் பெரும்பாலும் கூட்டலாகவே அமைந்தது. மூலக்கூறில் பிணைப்பு, மக்களிடம் கூட்டல். மேலே சொன்ன வாதத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

ஜோடி ஜோடியாகத் தேடுவது பலன் தராதபோது, பாதை பாதையாகத் தேடலாம் என்ற யோசனை வந்தது. 2024இன் அந்தப் பெரிய தொகுப்பாய்வு 1,289 சமிக்ஞைகளையும் எட்டுக் குழுக்களாகப் பிரித்தது. சில குழுக்கள் பீட்டா செல்லைப் பற்றியவை, ஒன்று உடல் பருமனைப் பற்றியது, ஒன்று கொழுப்பு தவறான இடத்தில் சேர்வதைப் பற்றியது, இப்படி. ஒவ்வொரு குழுவுக்கும் தனி மதிப்பெண் போட்டால் ஒருவரின் உடல் எந்த வழியில் தடுமாறுகிறது என்று பார்க்க முடியும்.

இந்தக் கருவியைத் தெற்காசியர்களிடம் வைத்துப் பார்த்த ஆய்வு நமக்கு மிக நெருக்கமானது. பிரிட்டனில் வாழும் பாகிஸ்தானி, வங்கதேச வம்சாவளியினர் ஐம்பதாயிரம் பேரைக் கொண்ட ‘ஜீன்ஸ் அண்ட் ஹெல்த்’ திட்டத்திலிருந்து, நீரிழிவு உள்ள 11,678 பேரை எடுத்து ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார்கள். இன்சுலின் சுரப்புக் குறைவுக்கான மதிப்பெண்ணும், கொழுப்புத் தவறாகப் பரவுவதற்கான மதிப்பெண்ணும் இரண்டுமே உயர்ந்திருந்தவர்களுக்கு, இரண்டுமே தாழ்ந்திருந்தவர்களைவிட 8.2 ஆண்டுகள் முன்பே நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது அவர்களின் பிஎம்ஐ 3 அளவுக்குக் குறைவாகவும் இருந்தது. ஒல்லியாக, இளவயதில், நீரிழிவு. நம் ஊர் டாக்டர்கள் தினமும் பார்க்கும் ஆள். இன்சுலின் ஊசிக்குப் போக வேண்டிய நிலையும் அவர்களுக்குச் சீக்கிரம் வந்தது. நான் முன்னே போட்ட பெருக்கல் கணக்கை இதோடு வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது: சுரப்பும் குறைவு, செவிசாய்ப்பும் குறைவு.

தெற்காசியப் பின்னணி ஒரு மாறுபாட்டின் பொருளையே மாற்றிவிடும் என்பதைச் சென்னை ஆய்வாளர்கள் இதற்கு வெகு முன்பே கண்டார்கள். பிபிஏஆர்ஜி மரபணு தரும் புரதத்தின் 12ஆம் இடத்தில் ப்ரோலினுக்குப் பதில் அலனின் வருவது நீரிழிவிலிருந்து காக்கிறது என்று ஐரோப்பியர்களை வைத்து நிறுவியிருந்தார்கள். வி. ராதா, வி. மோகன் குழுவினர் சென்னையில் உள்ளவர்களையும், அமெரிக்காவின் டல்லஸில் வாழும் தெற்காசியர்களையும், அதே ஊர் வெள்ளையர்களையும் ஒப்பிட்டு 2006இல் எழுதினார்கள். வெள்ளையர்களைக் காத்த அந்த அலனின் தெற்காசியர்களைக் காக்கவில்லை, அவர்கள் சென்னையில் இருந்தாலும் சரி, டல்லஸில் இருந்தாலும் சரி. இதற்கு மற்ற மரபணுக்கள்தான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் ஊர் மாறியும் மாறாதது எதுவோ அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஒற்றை மரபணுவால் வரும் நீரிழிவுக்கும் இந்தப் பின்னணி விதிவிலக்கல்ல. எச்என்எஃப்1ஏ பழுதால் இளவயதிலேயே சர்க்கரை வரும் குடும்பங்களில், அதே பழுதோடு ஒருவருக்குப் பதினைந்திலும் அவர் அத்தைக்கு நாற்பதிலும் வருவதுண்டு. இத்தகைய 410 பேரை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வு, சாதாரண வகை 2 மாறுபாடுகளில் ஒவ்வொரு கூடுதல் பிரதியும் நோயை 0.35 ஆண்டு முன்கூட்டிக் கொண்டுவருகிறது என்று கணித்தது. ஒன்றுக்கு நான்கு மாதம் என்றால் அற்பம். பத்துச் சேர்ந்தால் மூன்றரை ஆண்டு.

சாப்பாடும் நடையும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்பவை அல்ல. விரிவாகப் போகாமல் இரண்டு மட்டும். அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் டிசிஎஃப்7எல்2 மாறுபாட்டை இரட்டையாகப் பெற்றவர்கள் மருந்தோ பயிற்சியோ இல்லாத குழுவில் 1.81 மடங்கு வேகத்தில் நோய்க்குப் போனார்கள். உணவு, உடற்பயிற்சி மாற்றிய குழுவில் 1.15 மடங்குதான். (இந்த வித்தியாசம் புள்ளியியல் கோட்டைத் தாண்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) ஸ்பெயினில் 845 பேரிடம் 2022இல் வந்த சோதனையில், தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு குளுக்கோஸ் குடித்தால் நான்கு மணி நேரம் முன்பு குடித்ததைவிடச் சர்க்கரை அதிகம் ஏறியது, மெலடோனின் ஏற்பி மரபணுவான எம்டிஎன்ஆர்1பியில் ஆபத்து மாறுபாடு உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிடும் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய மரபணு.

எச்சிலைக் குப்பியில் அடைத்து அனுப்பினால் ‘உங்களுக்கு நீரிழிவு மரபணு உண்டா’ என்று சொல்லும் பெட்டிகள் இப்போது இந்தியாவிலும் விற்கின்றன. சில மாறுபாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் ஐரோப்பியரிடம் அளந்த மதிப்பெண்களைப் போட்டு, கூட்டித் தருவது பலவற்றின் வழக்கம். மேலே சொன்னதையெல்லாம் வைத்துப் பார்த்தால், அதற்குக் கொடுக்கும் காசில் ஒரு ஜிடிடி எடுத்துக்கொள்வது மேல் என்பேன்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2023இல் கணித்தது. எண்ணிக்கையில் நமக்குக் குறைவில்லை. இன்னொரு வசதியும் உண்டு. மற்ற விஷயங்களில் அது சுமை. தலைமுறைகளாக ஒரே சாதிக்குள், ஒரே ஊர்களுக்குள், அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று மணம் முடித்த சமூகங்கள் இங்கே ஏராளம். வெளியே அபூர்வமான மாறுபாடு அந்தச் சமூகத்துக்குள் அபூர்வமாக இருப்பதில்லை. ஒரே பிரதி இரண்டாகச் சேர்வதும், வேறு வேறு மரபணுக்களின் இரண்டு அபூர்வங்கள் ஒரே உடலில் சந்திப்பதும் அங்கே எளிது. கேம்பிரிட்ஜ் குழுவுக்குத் தற்செயலாகக் கிடைத்த அந்தக் குடும்பத்தைப்போல் பல குடும்பங்கள் மதுரையிலும் கோவையிலும் கிளினிக் வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். அவர்களிடம் இப்போது கேட்கப்படுவது ஒரே கேள்வி: வீட்டில் யாருக்காவது சுகர் உண்டா? உண்டு என்றால் அட்டையில் ஒரு டிக். அப்பா வழியில் ஒல்லியாக இருந்தும் முப்பதில் வந்ததா, அம்மா வழியில் வயிறு போட்ட பிறகு ஐம்பதில் வந்ததா, அல்லது இரண்டு வழியிலும் இரண்டும் உண்டா என்று பிரித்துக் கேட்கக் கூடுதலாக இரண்டு நிமிடம் போதும். கூடவே ஜிடிடியின்போது சர்க்கரையோடு இன்சுலினையும் அளந்து, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்று முழுக் குடும்பத்தையும் ஒரே பதிவில் வைத்தால், சுரப்பு எந்தப் பக்கத்திலிருந்து குறைந்தது, செவிசாய்ப்பு எந்தப் பக்கத்திலிருந்து போயிற்று என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கலாம். மரபணு வரிசையைப் படிக்கும் செலவு அதற்குப் பிறகு வருவது.